முள்ளைப் பார்க்கும் முன் மனக்கணக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்து அந்தமானுக்குக் கிளம்புகிறாய் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். "மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கேஜ் மறந்துபோகிறது, பார்க்கும்போது திடுக்கென்று 80 பார்" என்று எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. கேஜ் முள் காட்டுவது சிலிண்டரில் மிஞ்சிய காற்றின் அழுத்தம்; 'பார்' அதன் அலகு.

முதலில் உன் மூச்சுக்கு ஒரு எண் கண்டுபிடி. 10 மீட்டரில் 10 நிமிடம் ஆழம் மாறாமல் நீந்து. 36 பார் குறைந்தது என்று வை. நம்மூர் டைவ் கடைகளில் கிடைக்கும் அலுமினியம் 80 சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர், ஆக 400 லிட்டர் செலவு. அங்கே சுற்றியுள்ள அழுத்தம் 2 பார், அதாவது மூச்சுக்கு இரட்டிப்புக் காற்று; எனவே கரைக்கணக்கில் நிமிடத்துக்கு 20 லிட்டர். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார். நிமிடத்துக்கு 60 லிட்டர், 5 நிமிடத்தில் 27 பார். இனி ஒவ்வொரு 5 நிமிடமும் முதலில் மனதில் எண்ணைச் சொல், பிறகு முள்ளைப் பார். 10 பாருக்கு மேல் பிசகினால் ஏதோ மாறியிருக்கிறது: எதிர்நீரோட்டம், இடுப்பில் அதிக ஈய எடை, கையால் துழாவுவது, அல்லது எங்கோ கசிவு.

"50 பாரில் மேலே வா" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது படகில் ஏறும்போது மிஞ்ச வேண்டிய அளவு. 20 மீட்டரில் உன் பட்டிக்கு (கூட டைவ் செய்யும் ஜோடிக்கு) காற்று தீர்ந்து, இருவரும் உன் சிலிண்டரிலேயே மூச்சு விட்டால்? பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர் என்று வை. அங்கேயே சுதாரிக்க 1 நிமிடம், நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் ஏற்றம், உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற 5 மீட்டரில் 3 நிமிட சேஃப்டி ஸ்டாப், கடைசி ஏற்றம். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 720 லிட்டர், அதாவது 65 பார். அந்த ஆழத்தில் 100 பாரிலேயே திரும்பிவிடு.

நேரம் தனிக் கணக்கு: உடலில் நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேராமல் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்பது. பாடி (PADI என்ற டைவிங் பயிற்சி அமைப்பு) அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம்தான். 18 மீட்டரில் உனக்குக் காற்றுதான் முதலில் தீரும். 30ல் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்; ஆழத்தில் போதைபோல் வரும் நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்தால் நேரம் போவதே தெரியாது. அங்கே 2 நிமிடத்துக்கு ஒருமுறை பார்.

படகிலேயே கேஜைப் பார்த்தபடி நாலு மூச்சு இழு. முள் தாழ்ந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை; ஆழத்தில் மூச்சு திணறும். வெயிலில் கிடந்த சிலிண்டர் 10 டிகிரி குளிர்ந்தால் 6, 7 பார் இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்துவிடாதே.

திரும்பி வந்ததும் உன் எண் எவ்வளவு என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி