பழைய எண், புதிய எண், நடுத்தெருவில் ஒரு புள்ளி

ஆசிரியருக்கு வணக்கம்.

தண்ணீர் கேன் போடும் கடைகளுக்கு ஆப் எழுதிக் கொடுப்பது என் தொழில். வாடிக்கையாளர் தட்டும் முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி, வண்டிக்காரரின் மேப்பில் புள்ளி வைக்க வேண்டும். சென்னையில் இது லேசுப்பட்ட காரியமில்லை. பல வீடுகளுக்குப் புதியது, பழையது என்று இரண்டு கதவு எண்கள். 'பு.எண் 14, ப.எண் 32' என்று வந்தால் மென்பொருள் எதைப் பிடிக்கும் என்றே சொல்ல முடியாது. இரண்டும் பிடிபடாவிட்டால், பேசாமல் தெருவின் நடுவிலோ பின்கோடு பகுதியின் மையத்திலோ ஒரு புள்ளியைக் குத்திவிடும். 600033 என்பது ஒரு வீடா என்ன? அந்தப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு ஆறு தசம இடங்கள் வேறு. பார்ப்பவர்கள் துல்லியம் என்று நம்பிவிடுகிறார்கள்.

கிடைத்தது வீட்டின் இடமா, வெறும் தெருவா என்பதைப் பல மேப் சேவைகள் விடையோடு சேர்த்தே அனுப்புகின்றன. ஆப் எழுதுபவர்கள் அதைத் திரையில் காட்டினாலே போதும், வண்டிக்காரர் கிளம்பும் முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் நல்ல ஏற்பாடுதான். சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து பத்து இடங்களில் ஒரு குறியீடு. ஆனால் தரைத்தளத்துக்கும் மூன்றாம் மாடிக்கும் ஒரே குறியீடு! கேன் தூக்குபவரிடம் கேட்டால் தெரியும்.

பழைய எண், புதிய எண் இரண்டையும் வாசல் இருக்கும் இடத்தோடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி மாநகராட்சி வெளியிட வேண்டும். உரிமையாளர் பெயரெல்லாம் வேண்டாம். எண்ணும் இடமும் இருந்தால் சரி.

இப்படிக்கு,
வாசகர், மேற்கு மாம்பலம், சென்னை