வீடு பார்க்கும் தம்பி மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணு,

காங்கேயம் சாலைப் பக்கம் நீ பார்த்துவிட்டு வந்த வீட்டின் படங்கள் கிடைத்தன. போன வருடம் 50 லட்சம் கேட்ட வீட்டை இப்போது 42 லட்சத்துக்குத் தருகிறார்கள் என்றும், ஒரு வாரத்துக்குள் அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு பார்ட்டி முடித்துவிடும் என்று புரோக்கர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். போனில் பேசினால் உன் அப்பா குறுக்கே பேசி விஷயத்தைத் திசை திருப்பிவிடுவான் என்பதால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய முதல் படத்தில் கேட்டில் தொங்கும் பலகையைப் பெரிதாக்கிப் பார். 'வீடு விற்பனைக்கு' என்ற சிவப்பு எழுத்து வெயிலில் வெளுத்து ரோஸ் நிறமாகிவிட்டது. போன் எண்ணின் கடைசி இலக்கம் வாசிக்கவே முடியவில்லை. இத்தனை வெயில் தின்ற பலகை இன்னும் சில மாதம் அங்கேயே தொங்கும். அவசரம் விற்கிறவருக்கும் புரோக்கருக்கும் இருக்கலாம், உனக்கு இல்லை.

விலை இறங்கியிருப்பது உண்மைதான். அது எதனால் இறங்கியது என்பதை நீ யோசித்ததாகத் தெரியவில்லை. திருப்பூரில் வீட்டு விலை பனியன் ஆர்டரோடு சேர்ந்துதான் ஏறும், இறங்கும். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது, 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றுபோயின. நான் அப்போது ஒரு நிட்டிங் கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர்கள் ஊர் திரும்பியதும் லைன் வீடுகள் காலியாகி, தெருவுக்கு நான்கு 'டு லெட்' அட்டைகள் தொங்கின. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அதற்கு முந்திய வருடம்தான் வங்கிக் கடனில் வீடு வாங்கியிருந்தார். சம்பளம் பாதியான அதே மாதங்களில் மாடி வாடகையும் நின்றது. விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் அவர் வாங்கிய விலைக்குக் கேட்பாரில்லை. 2025 ஆகஸ்ட் 27-இல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட 50 சதவீத வரி நடைமுறைக்கு வந்தபோது, உங்கள் கம்பெனியில் பேக்கிங் ஆன சரக்கையே நிறுத்திவைத்தார்கள் என்று நீதானே சொன்னாய்? நீயும் மருமகளும் ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறீர்கள். வீட்டின் விலையை இறக்கிய காரணமே உங்கள் இருவரின் சம்பளத்தையும் ஆட்டக்கூடியது என்பதால், விலை மலிந்த நேரத்தில்தான் கடனைக் குறைவாக வாங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். 30 லட்சம் கடனுக்கு, 8.5 சதவீத வட்டியில், 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய் வரும். மொத்தமாக 62 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பாய். இருவருக்கும் சேர்ந்து கைக்கு வருவது 60,000. ஒரு சம்பளம் நின்றால் மிச்சம் என்ன என்பதை நீயே போட்டுப் பார். கடனை 22 லட்சத்தில் நிறுத்தினால் தவணை 19,100 ரூபாய்க்குள் அடங்கும். வட்டியும் நிலையாக நிற்பதில்லை; 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனபோது, பலருக்குத் தவணைத் தொகை மாறாமல் கடன் காலம் மட்டும் வருடக்கணக்கில் நீண்டுபோனது. கிரயச் செலவு தனி. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 42 லட்சத்துக்கு 3,78,000 ரூபாய் உன் கையிலிருந்துதான் போக வேண்டும். மருமகளின் நகையை அடகு வைத்து அதைச் சமாளிக்கலாம் என்று எழுதியிருந்தாய். அது வேண்டாம். ஒரு வருடத் தவணைப் பணம் வங்கியில் தனியாகக் கிடக்காத வரை அட்வான்ஸ் பேச்சையே எடுக்காதே.

பேரம் பேசும்போது இன்னொன்றையும் கவனி. விலை, அந்த இடத்துக்கு அரசு குறித்துவைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனாலும் முத்திரைக் கட்டணம் அந்த மதிப்புக்குத்தான். வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் வருமான வரித்துறை அதை உன் வருமானமாகவே கணக்கிடும்.

பத்திர விஷயத்தில் என் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. 2012-இல் அவிநாசிப் பக்கம் ஐந்து சென்ட் சைட்டு வாங்கினேன். 'பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க' என்று சைட்டுப் போட்டவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் காட்டினார். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பர் 9-இல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017 தையில் உன் அக்கா கல்யாணத்துக்கு அதை விற்கலாம் என்றிருந்த நான், மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்குத் தனியார் பைனான்ஸில் வாங்கித்தான் மண்டபத்துக்குப் பணம் கட்டினேன். பிறகு வந்த வரன்முறைத் திட்டத்தில் பணம் கட்டிச் சரி செய்தேன் என்றாலும், அந்த வட்டி போனது போனதுதான்.

ஆகவே தாய்ப்பத்திரத்திலிருந்து 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார். அசல் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. தொழில் நொடித்தவர் விற்கும் வீட்டின் பத்திரம் பெரும்பாலும் ஏதோ ஒரு வங்கியில்தான் இருக்கும். அந்த இடம் முன்பு யாரோ ஒரு குடும்பத்தின் தோட்டமாக இருந்திருக்கும். நம் பக்கத்தில் பூமியைப் பிரிக்கும்போது, பெண் பிள்ளைகளுக்குச் சீர் செய்தாயிற்று என்று சொல்லி அவர்களிடம் கையெழுத்து வாங்காமல் விடுகிற வழக்கம் இருந்தது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டமும் 2005-இல் மத்தியச் சட்டமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு தந்திருக்கின்றன. அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் இருக்கிறதா என்பதை உனக்காகப் பார்க்கும் வக்கீலிடம் கேள். விற்கிறவருடைய வக்கீல் அதற்கு ஆகமாட்டார்.

அவிநாசி ரோட்டில் பாதி கட்டி நிற்கும் அபார்ட்மென்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் இல்லாமல் அவர்கள் விற்கவே கூடாது; பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனாலும் மந்தத்தில் நின்ற கட்டடம் எப்போது எழும் என்பது கட்டுகிறவருக்கே தெரியாது. வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட உன்னால் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன் நான்காவது படத்தில் பின்பக்கச் சமையலறைச் சுவரின் கீழே இரண்டடிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஈரம் இருக்கிறதா என்று அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். போர்வெல் எத்தனை அடி, மோட்டார் போட்டு எத்தனை நிமிடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதைச் சித்திரை வெயிலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுதான் உத்தமம். இப்போதைக்கு அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரலாம். நான் வருவது புரோக்கருக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
பெருந்துறை.