அந்தப் படத்தின் மீதிப் புத்தகம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சல் புதன்கிழமை வந்தது. கண்ணாடி உடையவில்லை, அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மெட்ராஸ் கரையில் கயிற்றால் தைத்த மசூலாப் படகு அலையைத் தாண்டுகிற படத்தை நியூகாசிலில் ஒரு கடையில் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்து வாங்கினேன் என்று நீ எழுதியிருந்த சீட்டை நாலு தடவை படித்தேன். எழுபது வயதில் எனக்கு வந்த பரிசுகளில் இதுதான் பெரியது. மனதில் வைத்துக்கொள்.

இப்போது இன்னொரு விஷயம். ஃபோனில் சொன்னால் குரல் ஒரு மாதிரி போய் நீ தப்பாக எடுத்துக்கொள்வாய், அதனால்தான் எழுதுகிறேன். நேற்று மத்தியானம் சட்டத்தைக் கழற்றிப் பின்னட்டையை எடுத்துப் பார்த்தேன். படத்தை ஒட்டாமல் வெறுமனே செருகித்தான் வைத்திருந்தார்கள், நல்லவேளை. தாளின் மூன்று ஓரமும் லேசாகப் பழுத்து, தொட்டுத் தொட்டு மழுங்கிப்போன ஓரம். இடது பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று, ஸ்கேல் வைத்துக் கத்தி ஓட்டிய நேர்க்கோடு. அதன் ஓரமாகக் காய்ந்த பசை ஒரு நூல் அகலத்துக்கு. அதாவது பாப்பா, இது ஒரு புத்தகத்துக்குள் இருந்த படம். அதை அறுத்து எடுத்துத்தான் சட்டம் போட்டிருக்கிறார்கள், அதுவும் ரொம்ப நாளைக்கு முன்னால் இல்லை.

உன் மேல் தப்பே இல்லை. ஊரெல்லாம் நடக்கிற வியாபாரம்தான் இது. முதுகு உடைந்த, அட்டை போன ஒரு பழைய பயணப் புத்தகம் ஏலத்தில் சல்லிசாகக் கிடைக்கும். உள்ளே இருபது படமும் நாலு மடிப்பு வரைபடமும் இருந்தால், ஒவ்வொன்றாகப் பிரித்துச் சட்டம் போட்டு விற்றால் முழுப் புத்தகத்தைவிடப் பல மடங்கு வரும். கப்பல் படத்துக்கும் கடல் வரைபடத்துக்கும் எப்போதும் கிராக்கி, அதனால் நான் சேர்க்கிற வகைப் புத்தகங்கள்தான் அதிகமாக இப்படி அறுபடுகின்றன. எழுத்து மட்டும் உள்ள மீதி, மூலையில் ஒரு பெட்டியில் கிடக்கும். பல கடைகளில் அதைத் தூக்கிப் போடக்கூட மாட்டார்கள், யாராவது கேட்டால் சும்மா ஒரு விலைக்குத் தருவார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள், கடைசியில் உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

எனக்கே இது அடிபட்டுத்தான் தெரிந்தது. 1978இல் துறைமுகத்தில் சரக்கை எண்ணிக் குறிக்கிற டாலி கிளார்க்காகச் சேர்ந்த புதிது, சம்பளம் வந்த சனிக்கிழமை மூர் மார்க்கெட் போவேன். அங்கே ராதாகுமுத் முகர்ஜி 1912இல் எழுதிய இந்தியக் கப்பல் போக்குவரத்து வரலாறு கிடைத்தது. பதினெட்டு ரூபாய், பேரம் பேசாமல் கொடுத்தேன், பஸ்ஸிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் முன்பக்கத்தில் உள்ள படப் பட்டியலைப் பார்த்தேன். ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களில் உள்ள கப்பல்கள் என்று பட்டியல் சொல்கிறது, புரட்டினால் ஒன்றுகூட இல்லை, யாரோ சுத்தமாக எடுத்துவிட்டார்கள். முகர்ஜி அந்தக் கப்பலின் பாய்மரத்தையும் பக்கக் கட்டையையும் பற்றிப் பேசுகிறார், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரியாமல் இருட்டில் கை துழாவுவது போல இருந்தது. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் கையில் எடுத்தவுடன் படப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணாமல் காசு கொடுத்ததில்லை. படங்களோடு முழுப் பிரதி கிடைக்க அப்புறம் பதினோரு வருஷம் ஆனது. அதற்குள் 1985இல் மூர் மார்க்கெட்டே எரிந்துபோய்விட்டது. மறுநாள் காலை அந்தப் பக்கம் போய் நின்றேன். அதைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை, விடு.

நீ போன வருஷம் கேட்டாய், எல்லாம் இன்டர்நெட்டில் சும்மாவே கிடைக்கிறதே, எதற்கப்பா வெயிலில் அலைகிறீர்கள் என்று. கிடைக்கிறது, நானும் தினம் பார்க்கிறேன், அதைச் செய்தவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் கடல் புத்தகங்களில் பாதி விஷயம் மடிப்பு வரைபடத்தில் இருக்கிறது, ஸ்கேன் செய்கிறவர்கள் பல புத்தகங்களில் அந்த மடிப்பைப் பிரிக்காமலே படம் எடுத்துவிட்டார்கள். திரையில் பார்த்தால் ஒரு கரையோரம் பாதியில் நிற்கும், அதன் மேல் மடிந்த தாளின் நிழல் விழுந்திருக்கும். மீதிக் கரையைப் பார்க்க யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் அந்தப் புத்தகம் முழுதாக இருந்தாக வேண்டும்.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற பெயரை நான் சொல்லிச் சொல்லி உனக்குச் சலித்திருக்கும். 1786இல் தப்பான வரைபடத்தை நம்பிப் போய் இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா தீவில் கப்பல் உடைந்து தப்பித்த மனுஷன். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கடலை அளந்து குறித்துக்கொண்டே இருந்தார். 1809 முதல் 1811 வரை வெளிவந்த அவருடைய வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் கிழக்கே வந்த கப்பல்கள் ஓடின. நம் கரையைப் பற்றி அவர் எழுதுவதைப் படித்தால் கப்பலின் மேல்தட்டில் நின்று நம் ஊரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். மகாபலிபுரம், நாகூர் மினார்கள் எல்லாம் அங்கே திசை காட்டும் அடையாளங்கள். என்னிடம் இருப்பது பிந்திய பதிப்பின் இரண்டாம் பாகம் மட்டும், அட்டை கிடையாது. புதுப் பதிப்பு வந்ததும் பழையதால் உபயோகம் இல்லை, ஆபத்தும்கூட, அதனால் மாலுமிகள் தூக்கிப் போட்டுவிடுவார்கள். உப்புத் தண்ணீர் பட்டு, மெழுகு சொட்டி, பிழைத்து வந்த பிரதிதான் எனக்கு உசத்தி. வியாபாரிகள் கறையில்லாத பிரதிக்கு அதிக விலை சொல்கிறார்கள். சொல்லட்டும், கடலுக்கே போகாத புத்தகம் அது.

நீ சின்ன வயதில் ஸ்டிக்கர் புத்தகம் என்று சொல்வாயே, அது வங்காள விரிகுடாவுக்கான பைலட் புத்தகம், மாலுமிகளுக்கு வழி சொல்கிறது. 1894க்கு முன்னால் அச்சானது. அதில் மெட்ராஸ் கலங்கரை விளக்கு என்ற இடத்தில் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கும். 1844இல் கட்டிய தனித் தூணில் எரிந்த விளக்கை 1894இல் ஹைகோர்ட் கோபுரத்துக்கு மாற்றினார்கள் அல்லவா, அந்தத் திருத்தம். யாரோ ஒரு அதிகாரி கப்பலில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டிக் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறார், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் ரேகை மையோடு பதிந்திருக்கிறது. அந்த விரல் ரேகைக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

பழைய தாள் புதுத் தாளைவிட உறுதி என்று சொன்னால் நீ நம்பவில்லை. 1800 வாக்கில் அச்சான தாள் கந்தல் துணியில் செய்தது, இன்றும் மடக்கினால் மடங்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது, அதில் உள்ள அமிலமே தாளைத் தின்றுவிடுகிறது. நம் வீட்டில் அதிகம் கஷ்டப்படுவது 1920இல் கல்கத்தா ஆசியச் சங்கம் வெளியிட்ட ஜேம்ஸ் ஹார்னெல் எழுதிய இந்தியப் படகுகள் ஆய்வுதான். மெட்ராஸ் மீன்வளத் துறையின் தலைவராக இருந்தவர், கரை கரையாகப் போய்த் தோணி, கட்டுமரம், வள்ளம் எல்லாவற்றையும் பார்த்து எழுதினார். 2015 வெள்ளத்தில் கீழ்த் தட்டில் இருந்தது நனைந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைத் தாள் வைத்து ஃபேனுக்கு அடியில் மூன்று நாள் காயவைத்தோம், அம்மா ராத்திரி எழுந்து எழுந்து தாள் மாற்றினாள். இப்போதும் புரட்டினால் ஓரம் பொரிகிறது. ராமபாணப் பூச்சிக்கு வசம்பு போடுகிறேன். பாச்சை உருண்டையின் வாசனை அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டேன்.

இதெல்லாம் போகட்டும், உன் படத்துக்கு வருகிறேன். நேற்று சாயங்காலம் ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, வானம் இருக்கிற இடத்தில் லேசான பழுப்பு வரிகள் தெரிந்தன. முதலில் கறை என்று நினைத்தேன். கறை இல்லை. எதிர்ப்பக்கத்து அச்சு மை இத்தனை வருஷம் அழுந்தி அழுந்திப் படத்தின் மேல் நிழலாக இறங்கியிருக்கிறது. எழுத்துகள் தலைகீழ் இல்லை, வலது இடமாக இருக்கின்றன. அம்மாவின் கைக்கண்ணாடியை வாங்கி அதில் பார்த்தேன், பூதக்கண்ணாடி வேறு. ஒரு மணி நேரம் ஆனது. 'சர்ஃப்' என்று ஒரு சொல், கரையில் உடைகிற அலை, இரண்டு வரி கீழே 'காயர்', அது நம் கயிறுக்குச் சொந்தக்காரச் சொல்தான், அதற்கும் கீழே தெளிவாக 'டிண்டல்'. நம் தண்டல், பாப்பா! படகை நடத்துகிறவன்.

உனக்கு ஒரு விஷயம் நான் சரியாகச் சொன்னதில்லை. என் தாத்தாவுடைய அப்பா ராயபுரத்தில் மசூலாப் படகில் வேலை பார்த்தவர். அப்போது மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் மூட்டையானாலும் இந்தப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடித்த ஆங்கிலேயப் படகு அந்த அலையில் தரையில் மோதிச் சிதறிவிடும். இது பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்தது, மோதினால் வளைந்து கொடுக்கும், தண்ணீர் கசியும், உடையாது. முப்பது முப்பத்தைந்து அடி நீளம். கூடவே கட்டுமரம் போகும், விழுந்தவர்களைத் தூக்க. 1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 1881 புயல் கட்டியதைத் தூக்கிப் போட்டது, மறுபடி கட்டி முடித்த பிறகு மசூலாவுக்கு வேலை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. பூட்டனாரின் படம் நம்மிடம் இல்லை. பெயரும் ஒரு பத்திரத்தில் பாதி அழிந்துதான் இருக்கிறது. தாத்தா என்னிடம் சொன்னது, அவர் பின்னால் நின்று குரல் கொடுத்தால்தான் துடுப்பு விழும் என்று. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

நீ அனுப்பிய படத்தில் படகுக்காரர்கள் எல்லாம் எள்ளளவு புள்ளிகள். பின்னால் ஒருவர் நீளத் துடுப்போடு நிற்கிறார், முகம் இல்லை. ஆனால் இந்தப் படத்துக்கு எதிரே இருந்த பக்கத்தில், கண்ணால் பார்த்த ஒருவன் தண்டலைப் பற்றி எழுதியிருக்கிறான். அந்த வரிகள்தான் வானத்தில் நிழலாக விழுந்திருக்கின்றன. எனக்கு அந்தப் பக்கம் வேண்டும்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. அந்தக் கடைக்கு மறுபடி போ, சண்டை போடுகிற தோரணையில் வேண்டாம், சாதாரணமாகப் போ. படத்தின் மேல் வலது மூலையில், சட்டத்தின் அட்டைக்குள் மறைந்திருந்த இடத்தில், பொடி எழுத்தில் முதல் பாகம், 126ஆம் பக்கத்துக்கு எதிரே என்று அச்சாகியிருக்கிறது. ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன், அதைக் காட்டு. தாளின் உயரம் 22 சென்டிமீட்டர். இது எந்தப் புத்தகத்தில் இருந்து வந்தது, எழுத்துப் பக்கங்கள் இன்னும் கிடக்கின்றனவா என்று கேள். கிடந்தால் படம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாங்கிவிடு. வேறொருவரிடம் வாங்கினோம் என்று சொன்னால் அவர் யார் என்று கேட்டு வா. புத்தகத்தின் பெயர் மட்டும் கிடைத்தாலே போதும், மீதியை நான் தேடிக்கொள்கிறேன்.

அப்புறம், ஹார்ட்டில்பூல் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் குட்டிப் பையனையும் கூட்டிக்கொண்டு போய்வா. அங்கே நிற்கிற ட்ரிங்கமலி கப்பல் 1817இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டியது, பெயர் நம் திருகோணமலை. முதலில் அனுப்பிய வரைபடம் ஜாவா என்ற கப்பலோடு கடலில் போய், மறுபடி பிரதி எடுத்து அனுப்பித்தான் வேலையே தொடங்கினார்களாம். பையனைத் தேக்குப் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொல்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. ஊறுகாயை அடுத்த வாரம் அனுப்புகிறாளாம். படத்தை மறுபடி சட்டத்தில் போடவில்லை, பருத்தித் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து ஹார்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் படுக்கை வசமாக வைத்திருக்கிறேன். கடைக்குப் போய்விட்டு வந்ததும் கூப்பிடு, இங்கே ராத்திரி எத்தனை மணி ஆனாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா