தலதா மாளிகை வாசலில் நின்ற ஐயாவுக்கு

புத்தரின் புனிதப் பல் இருக்கும் கண்டி தலதா மாளிகையில் வழிமுறை சொல்லிவிட்டு, பெயர் சொல்லாமலே போய்விட்ட ஐயாவுக்கு நன்றி. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சப்பாத்தை வெளியே ஒப்படைக்க வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். நீங்கள் சொன்னது அதற்கு மேல். மாலைப் பூசை 6.30 அளவில், மேளம் தொடங்கியதும் கூட்டம் கீழ்த்தளத்திலேயே படமெடுத்து நின்றுவிடும், பல் வைத்த பேழையைக் காணும் வரிசையோ மாடியில். ஆகவே முன்கூட்டியே ஏறிவிட வேண்டும். கண்ணில் படுவது பொற்பேழைதான், புனிதப் பல் அல்ல. இது தெரியாமல் ஏமாறுவோர் நிறைய. பேழை அறையின் வாசலெதிரே சில நொடிகள்தான் கிடைக்கும். பூவை முகராமல், இரு கையாலும் மேசையில் வைத்து நகர வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிச் செல்ஃபி கூடவே கூடாது. நண்பகலில் கல்தரை சுடும். காலுறை போதும் என்றீர்களே, அதற்குத் தனி நன்றி.