லாக்கருக்கு வர்றதுக்கு முன்னாடி

என் கண்ணுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு. பதினோரு நாளா என் பேரன் தம்பியோட வீடியோ ஒண்ணும் வரலை. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். லாக்கர் சாவி எங்க இருக்குன்னு அப்பாகிட்ட மட்டும் கேட்டியாமே. எதுக்குன்னு நான் கேட்கலை. உன் நகை, உன் இஷ்டம்.

"ஆட்டிசத்துக்குத் தெரபி ஆரம்பிச்சு எட்டு மாசமாச்சு, தம்பி இன்னும் பேசலையேம்மா"ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டே. அந்தக் கோடு போட்ட நோட்டை எடுத்துப் பாரு. ஜூன்ல என்ன எழுதியிருக்கோம்? தண்ணி வேணும்னா என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய், ஃபில்டர் குழாய் மேல என் கையை வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான். ஆகஸ்ட்ல டம்ளரை எடுத்துட்டு வந்து கையில கொடுத்தான். செப்டம்பர்ல ஒரு நாள் மாடிச் சுவர்ல இருந்த காக்காயை விரலால காட்டிட்டு, திரும்பி என் முகத்தைப் பார்த்தான். குழாயைக் காட்டறது தனக்கு வேணும்னு. காக்காயை வெச்சு அவன் என்ன பண்ணப் போறான்? நீயும் பாருன்னு காட்டினான். பேச்சு அந்த இடத்துலதான் வேர் விடும்னு தெரபி டீச்சர் அன்னைக்கு நோட்டுல ரெண்டு கோடு போட்டாங்க. நீ "அப்படியா"ன்னு மட்டும் சொன்னே.

இப்ப "பால் வேணுமா"ன்னு வந்து நிக்கறான்னு சொன்னியே, அவன் உன்னைக் கேட்கலை, தனக்குக் கேட்கறான். நாம தினமும் "பால் வேணுமா"ன்னு கேட்டுட்டு டம்ளரைக் கொடுத்தோம். அந்தச் சத்தம் வந்தா பால் வரும்னு அவன் அப்படியே எடுத்துக்கிட்டான். திருத்தாதே, "வேணுமா இல்லடா"ன்னு சொல்லாதே. டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு, அவன் வாயில இருந்து வரவேண்டிய மாதிரியே "பால் வேணும்"னு நீ சொல்லு, உடனே கொடு. கேள்வியே கேட்காதே. கடைசியில ஒரு "ஆ"தான் உதிரணும், ஆனா வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் உதிரும். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிடு.

டப்பா விளையாட்டை விட்டுட்டியா? விடாதே. உள்ள இருக்கறது தெரியற பிளாஸ்டிக் டப்பா, அவனால திறக்க முடியாத மூடி. ஒரு முறுக்கை பத்துத் துண்டா உடைச்சுப் போடு. முழு முறுக்கு கொடுத்தா ஒரு தடவைதான் கேட்பான், பத்துத் துண்டுன்னா பத்துத் தடவை கேட்பான். டப்பாவை அவன் கண்ணுக்கு நேரா பிடிச்சுட்டு, மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு. வாயைத் திறக்காதே, இதுதான் உனக்கு வராது. "சொல்லு, தா சொல்லு"ன்னு நீ ஆரம்பிச்சா, நீ "சொல்லு"ன்னு சொன்னாத்தான் சொல்லணும்னு கத்துப்பான். அஞ்சு ஆகியும் வரலைன்னா மாப்பிள்ளை பின்னாடி உட்கார்ந்து அவன் கையைப் பிடிச்சு நீட்ட வைக்கட்டும், பேச வேண்டாம். அப்ப நீ "தா"ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிட்டுக் கொடு. தானா சொன்னா டிக், கை பிடிச்சா "கை"னு எழுது. இங்க இருந்து கிளம்பறப்ப பத்துல மூணு. மூணு நாள் தொடர்ந்து எட்டு வந்தா அப்புறம் "முறுக்கு தா". அதுக்கு முன்னாடி அவசரப்படாதே. சாப்பிட்டு அரை மணி நேரத்துல செய்யாதே, வயிறு நிறைஞ்சவன் எதுக்குக் கேட்பான்?

டிரவுசர் போடறதும் அப்படித்தான். நீயே இடுப்புக்குக் கிட்ட வரைக்கும் ஏத்திவிட்டு, கடைசி ரெண்டு அங்குலத்தை மட்டும் அவன் இழுக்கட்டும். அது வந்தப்புறம் தொடையில இருந்து, அப்புறம் முட்டியில இருந்து. முதல் படியில இருந்து சொல்லிக் கொடுத்தா பாதியில அழுதுட்டு விட்டுடுவான். கடைசிப் படியில இருந்து வந்தா ஒவ்வொரு தடவையும் அவன்தான் முடிச்சவன். ஒரு சைஸ் பெரிசா, எலாஸ்டிக் வெச்சது வாங்கு.

கடையில பிஸ்கட்டுக்குக் கத்தறதும் குக்கர் விசிலுக்குக் கத்தறதும் ஒண்ணு இல்லை. பிஸ்கட் கத்தலுக்குக் கொடுக்காம இருந்தா முதல் ரெண்டு மூணு நாள் இன்னும் ஜாஸ்தியாகும். அந்த நேரம் பார்த்துக் கொடுத்துட்டா, இவ்வளவு கத்தினாத்தான் கிடைக்கும்னு ஆயிடும். விசில் அப்படி இல்லை, அவனுக்கு அது வலி. பழகட்டும்னு விடாதே. குக்கரை வெக்கறப்பவே அவனை மாடிக்கு அனுப்பு, இல்லை காது மூடற ஹெட்போன் போடு.

ஸ்கூல்ல வீட்டுலயும் இங்கிலீஷ்ல பேசச் சொன்னா தலையாட்டிட்டு வந்துடு. ரெண்டு பாஷையால பேச்சு கெடாது.

குடும்ப குரூப்ல ஒரு லிங்க் போட்டு உடனே அழிச்சே. நான் எதுவும் சொல்லலை. பொதுவாச் சொல்றேன், ஸ்டெம் செல் ஊசின்னு யார் சொன்னாலும், எத்தனை வீடியோ காட்டினாலும், ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாதுன்னு தேசிய மருத்துவ ஆணையத்தோட நெறிமுறை வாரியம் 2022-லயே சொல்லிடுச்சு. அதை விளம்பரம் பண்றதே தொழில் நெறிக்கு விரோதம்னும் சொல்லிடுச்சு. லட்சக்கணக்குல பணம் வாங்கறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க. ஆட்டிசம் டெஸ்ட்ல வந்த 112-ஐ நினைச்சுப் பயந்துட்டியா? 40 கேள்வி, 200 மார்க், 107-ல இருந்து 153 வரைக்கும் நடுத்தரம்னு பேரு. அது மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்காகப் போட்ட கணக்கு. காக்காயைக் காட்டினது அதுல எந்தக் கட்டத்துல இருக்கு? அந்த ஊசிக்குக் கொடுக்கற பணம் இருந்தா தெரபி வகுப்பு நாலு வருஷம் ஓடும். அரசாங்கத்தோட நிராமயா இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் உண்டு, தெரபிக்கும் சேர்த்து. விண்ணப்பம் போட்டியா? எத்தனை தடவை சொல்றது.

நீ படம் எடுத்து லேமினேட் பண்ணி வெல்க்ரோ ஒட்டின அட்டையை டீச்சர் மத்த அம்மாக்களுக்கு எல்லாம் காட்டினாங்க, தெரியுமா? எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. உன்கிட்ட சொல்லலை.

சொல்லாதது இன்னொண்ணும் இருக்கு. ஒண்ணரை வயசுல, கூப்பிட்டா திரும்பலைம்மான்னு நீ சொன்னே. உன் மாமா நாலு வயசுலதான் பேசினான்னு சொல்லி, நாக்குல வசம்பு தடவி, உன்னைப் பத்து மாசம் டாக்டர்கிட்ட போக விடாம நிறுத்தினவ நான். அப்புறமும் எதிர்வீட்டு மாமி கேட்டப்போ "தொண்டை சரியில்லை, அதான் பேசலை"ன்னு சொன்னேன். தம்பி என் இடுப்புல இருந்தான். இப்ப நீ அவசரப்படறதுல பாதி அந்தப் பத்து மாசம்தான்னு எனக்குத் தெரியும்.

லாக்கருக்கு வரணும்னா வா, கையெழுத்துப் போடறேன். தம்பியையும் கூட்டிட்டு வா. ஆனா இந்த வாரம் வேண்டாம், மாரியம்மன் கோயில் ஸ்பீக்கரை நம்ம வீட்டுக்கு நேரா கட்டியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் கழட்டுவாங்க. திங்கள் காலையில வா. டப்பா எடுத்துட்டு வர வேண்டாம், ஒண்ணு இங்கயே இருக்கு.

அம்மா