சாட்சிக்கு முன் கிளினிக் கொப்பி

ஆசிரியருக்கு,

வன்னியில் நடக்கும் சுகமளிக்கும் கூட்டங்கள் சிலவற்றில், செபம் முடிந்த கையோடு நோயாளியை மேடையேற்றி 'குணமானேன்' என்று சாட்சி சொல்ல வைக்கிறார்கள். 'இனி மாத்திரை போட்டால் அவிசுவாசம்' என்று சொல்லி அனுப்புவதும் நடக்கிறது. இது கிறிஸ்தவப் படிப்பினை அல்ல.

தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு, யாரிடமும் சொல்லாமல் போய்க் குருவிடம் உன்னைக் காட்டு என்றார். பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலின்படி தோலைப் பார்ப்பதும், சந்தேகமென்றால் 7 நாள் ஒதுக்கிவைத்துத் திரும்பப் பார்ப்பதும் குருவின் வேலை. அதாவது, முதலில் பரிசோதனை. பெத்சாய்தாவில் பார்வையற்றவர் மீது கைவைத்த பின், 'ஏதாவது தெரிகிறதா?' என்று இயேசுவே கேட்டார். மனிதர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்றதும் மறுபடி கைவைத்தார். அரைகுறையை முழுமை என்று அவர் அறிவிக்கவில்லை.

பிரான்சின் லூர்து மாதா திருத்தலத்தில் மருத்துவ அலுவலகம் 1883இல் தொடங்கியது. அங்கே பதிவான குணமடைதல்கள் 7,000க்கு மேல். திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என ஏற்றவை 70ஐச் சற்றே தாண்டும். நோய் கடுமையானதா, மருந்தால் மாறியதா, சடுதியாக முற்றாக மாறியதா, திரும்பி வந்ததா என்று ஆண்டுக்கணக்கில் பார்க்கிறார்கள். பிற்காலத்தில் 14ஆம் ஆசீர்வாதப்பர் என்ற பாப்பரசரான லம்பர்த்தினி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்தான் இதற்கு அடிப்படை.

காசநோயை எடுப்போம். வழமையாக 6 மாத மருந்து: முதல் 2 மாதம் நான்கு வகை, பின் 4 மாதம் இரண்டு வகை. சில வாரத்திலேயே இருமல் அடங்கும், பசியெடுக்கும். கிருமி முழுதாகச் செத்திருக்காது. அந்த நேரம் பார்த்து 'சுகம்' என்று மாத்திரையை விட்டால், நோய் திரும்பும்போது பழைய மருந்துக்கு மசியாத கிருமியோடு வரக்கூடும். வலிப்பு மாத்திரையைச் சடுதியாக நிறுத்தினால் அடுக்கடுக்காய் வலிப்பு வரலாம். இன்சுலினில் உயிர்வாழும் பிள்ளைக்கோ ஓரிரு நாள் நிறுத்தினாலே உயிராபத்து. கூட்டம் நடத்துவோர் பழைய பரிசோதனை அறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒலிவாங்கியைக் கொடுக்கட்டும்.

குணமாகாதவரிடம் 'உனக்கு விசுவாசம் போதாது' என்பது அதைவிடக் கொடுமை. தன் உடலில் முள்ளாய்த் தைத்த துன்பத்தை எடுக்கும்படி அப்போஸ்தலர் பவுல் மூன்று முறை மன்றாடினார், எடுபடவில்லை. அவரே தன் சீடர் திமொத்தேயுவின் வயிற்று நோய்க்குக் கொஞ்சம் திராட்சை இரசம் குடிக்கச் சொன்னவர்.

நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலைக் கடைசி மூச்சுக்கென்று வைத்திருப்பதும் பிழை. கடும் நோயாளி சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் குருவானவரை அழைக்கலாம். நோய் கூடினால் மறுபடியும் பெறலாம்.

மடு மாதா திருத்தலத்தின் திருவிழாவுக்கு வருவோருக்கு ஒன்று. பாம்புக்கடிக்கு மடு மண் பூசுவது நம் முன்னோர் பக்தி, பழிக்கவில்லை. ஆனால் இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும் எட்டடி விரியனின் கடி அவ்வளவாக வலிக்காது, தடமும் தெரியாது. சில மணி நேரத்தில் கண்ணிமை தொங்கும், பிறகு மூச்சு நிற்கும். மண்ணை வாகனத்தில் போகும்போதே பூசுங்கள். வாகனம் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

மறையாசிரியர்கள் சிலர்,
வவுனியா.