வாடை எழும்ப முன் எங்கள் கரைக்குக் கல் போடுங்கள்

திருகோணமலைக் கரையோரத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருக்கடலூர்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் கடலரிப்பு உங்களுக்குப் புதிதல்ல. மூன்று தடவை வந்து அளந்தீர்கள். கடைசியாக நீங்கள் சிவப்புப் பெயின்ட் பூசிவிட்டுப் போன தென்னை, போன கிழமை கடலுக்குள் சாய்ந்துவிட்டது.

எங்கள் கிணற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அம்மம்மா காலத்தில் வெட்டி, உள்ளே வளையமாகக் கொட்டு இறக்கிய கிணறு. அப்போது கடலுக்குப் போக அடம்பன்கொடி படர்ந்த மணலைத் தாண்ட வேண்டும். முதலில் தேத்தண்ணீர் கரித்தது. பிறகு குளிக்கவும் ஆகாமல் போனது. இப்போது மண் முழுக்கப் போய், கொட்டு மட்டும் அலைக்குள் தனியே நிற்கிறது. கப்பிக் கயிறு தேய்த்த தடம் இன்னும் அதன் விளிம்பில் தெரிகிறது. அம்மா விடிய எழும்பி அதைப் பார்த்துவிட்டுத்தான், கேனோடு தண்ணீர்ப் பவுசருக்குக் காத்திருக்கப் போகிறார்.

வாடைக்காற்று எழும்ப முன், கடல் அரிக்காமல் கரையோரம் கல் போட்டுத் தாருங்கள். இதைத்தான் கேட்கிறோம்.

உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. பூமி சூடேற, கடல்நீர் விரிகிறது, பனி உருகுகிறது. ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். தட்டையான மணற்கரையில் அந்த ஒரு சாண் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்று எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரியும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்த இரவு, நாங்கள் யாரும் கண்மூடவில்லை. இந்தச் சூட்டுக்கு நாங்கள் செய்தது என்ன? சம்பூரில் நிலக்கரி அனல்மின் நிலையம் வேண்டாம் என்று இந்த மாவட்டத்துச் சனங்கள்தான் வெயிலில் நின்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. எங்கள் பங்கைச் செய்துவிட்டோம். மரநடுகை விழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் கூப்பிடும்போதெல்லாம் வந்தோம். கல் மட்டும் வரவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டுக்கு மட்டும் கல் போட்டால் பக்கத்துக் கரையை அரிக்கும். அதனால் முழுக் கரையையும் பார்த்துத் திட்டம் போடுங்கள். கரைவலை இழுக்கவும் தோணி ஏற்றவும் இடையில் துறை விடுங்கள். அது இல்லாவிட்டால் கரை இருந்தும் எங்களுக்குத் தொழில் இல்லை. அதுவரை பவுசர் நாள் தவறாமல் வரட்டும்.

தயவுசெய்து வாடைக்கு முன் கல் போடுங்கள். வரும் நாளைச் சொன்னால், அன்று கடலுக்குப் போகாமல் எல்லோரும் கரையில் நிற்போம்.

இப்படிக்கு,
திருக்கடலூர்க் கரையில் இருந்து ஒரு குடும்பம்